பிரசவ அறையில் ஓர் ஒத்திகை

தருமபுரி மாவட்டத்துச் சிற்றூர்களில் தெருக்கூத்து பார்த்தவர்கள் ஒன்றைக் கவனித்திருக்கலாம். விடிய விடிய நடக்கும் ஆட்டத்தில் வேடக்காரர் ஒருவர் பாட்டின் அடியை மறந்துவிட்டால் கூத்து நின்றுவிடுவதில்லை. கட்டியக்காரன் ஏதோ வேடிக்கை பேசிக்கொண்டே மறந்த அடியை எடுத்துக் கொடுப்பான். பின்பாட்டுக்காரர்கள் பாட்டைத் தாங்கிக்கொள்வார்கள். மிருதங்கக்காரர் தாளத்தை நீட்டி இடம் கொடுப்பார். தவறு நேர்ந்ததே பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. இது எப்படிக் கைகூடுகிறது? ஒவ்வொருவரும் தத்தம் பாடத்தை வீட்டில் மனப்பாடம் செய்ததால் மட்டும் அன்று. வாத்தியாரின் முன்னே எல்லாரும் ஒன்றாக நின்று பலமுறை ஒத்திகை பார்த்ததால்தான்.

கூத்தில் தவறு நேர்ந்தால் ஒரு பாட்டுக் கெடும். பிரசவ அறையில் தவறு நேர்ந்தால் ஓர் உயிர் போகும். அப்படியானால் மருத்துவரும் செவிலியரும் மற்றப் பணியாளரும் கூடி நின்று ஒத்திகை பார்ப்பது எவ்வளவு தேவை! ஆனால், இந்த எளிய எண்ணம் மருத்துவ உலகில் வேரூன்ற இருபதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதி வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அந்த வரலாற்றைத்தான் இங்கே காணப் போகிறோம்.

ஓர் இரவு, ஓர் அறை

பாப்பிரெட்டிப்பட்டி சேர்வராயன் மலையின் அடிவாரத்தில், வாணியாறு அணைக்கு அருகில் உள்ள ஊர். மாவட்டத் தலைநகரான தருமபுரியும் பெரு நகரமான சேலமும் சாலை வழியே 40 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கின்றன. சேலத்துக்குப் போவதென்றால் மஞ்சவாடிக் கணவாயைக் கடக்க வேண்டும். இத்தகைய ஓர் ஊரின் அரசு மருத்துவமனையை மனக்கண்ணில் கொண்டு வருவோம், இது கற்பனைதான்.

இரவு மணி 2. ஒரு தாய்க்குச் சுகப்பிரசவம் ஆயிற்று. குழந்தை அழுதது, நஞ்சும் வெளிவந்தது. ஆனால் இரத்தம் நிற்கவில்லை. நிறைமாதத்தில் கர்ப்பப்பைக்கு நிமிடத்துக்கு 500 முதல் 700 மில்லிலிட்டர் இரத்தம் பாய்கிறது. நஞ்சு பிரிந்ததும் கர்ப்பப்பைத் தசை இறுகி, திறந்து கிடக்கும் இரத்தக் குழாய்களைக் கட்டுப் போட்டாற்போல் நெரிக்க வேண்டும். அது இறுகாமல் தளர்ந்து கிடந்தால், மருத்துவ உதவி கிடைக்காத நிலையில் இரண்டு மணி நேரத்துக்குள் உயிருக்கே ஆபத்து நேரலாம்.

செய்ய வேண்டியவை எவை? வயிற்றின் மேல் கையை வைத்துக் கர்ப்பப்பையைத் தேய்த்து இறுகச் செய்ய வேண்டும். ஆக்சிடோசின் மருந்தைச் செலுத்த வேண்டும். நரம்பில் ஊசி ஏற்றிச் சலைன் கொடுக்க வேண்டும். சிறுநீர்ப்பையைக் காலி செய்ய வேண்டும். கிழிசல் உள்ளதா என்று பார்க்க வேண்டும். இரத்த வகை அறிய மாதிரி எடுக்க வேண்டும். ஆம்புலன்சுக்குச் சொல்ல வேண்டும். தாயின் உறவினருக்கும் ஒருவர் விளக்க வேண்டும்.

இவற்றுள் புதியது எதுவும் இல்லை. மருத்துவர் படித்திருக்கிறார், செவிலியர் படித்திருக்கிறார். தேர்வில் கேட்டால் இருவரும் பிழையின்றி எழுதுவார்கள். ஆனால் அந்த அறையில், அந்த நிமிடத்தில், யார் எதைச் செய்வது? ஊசி மருந்தை ஒருவர் எடுத்து வைத்தார். மற்றவர் போட்டிருப்பார் என்று எண்ணிக்கொண்டார். ஆம்புலன்சுக்கு யாரோ சொல்லியிருப்பார்கள் என்று எல்லாரும் நினைத்தார்கள். இரத்தப்போக்கு மிகுதி என்று இளம் செவிலியருக்குத் தோன்றியது. மூத்தவர்களுக்குத் தெரியாததா என்று வாய் திறக்கவில்லை. தனித்தனியே எல்லாருக்கும் தெரிந்திருந்தும், கூட்டாக ஒன்றும் தெரியாத நிலை இது. இந்த நிலைக்கு மருந்து எந்த அலமாரியிலும் இல்லை, பயிற்சியில்தான் இருக்கிறது.

பூசணிக்காயில் தொடங்கிய பயிற்சி

மனித உடலைத் தொடுமுன் மாதிரிப் பொருளில் கை பழக வேண்டும் என்ற கருத்து நம் நாட்டில் மிகப் பழமையானது. ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்கு முற்பட்டதாகக் கருதப்படும் சுசுருத சம்ஹிதை, இதற்கென்றே தனியாக ஓர் அத்தியாயம் வகுத்திருக்கிறது. அறுக்கப் பழகுவதற்குப் பூசணி, சுரை, வெள்ளரி போன்ற காய்கள். நரம்பில் குத்தப் பழகுவதற்குத் தாமரைத் தண்டும் இறந்த விலங்கின் இரத்தக் குழாயும். சுரண்டப் பழகுவதற்கு மயிர் நீக்காத தோல். தையலுக்குத் தடித்த துணியும் மெல்லிய தோலும். கட்டுப் போடுவதற்கு மனித உருவில் செய்த பொம்மை! நூல்கள் அனைத்தையும் கற்றிருந்தாலும் கைப்பழக்கம் இல்லாதவன் சிகிச்சைக்குத் தகுதியற்றவன் என்பது அந்நூலின் துணிபு.

மருத்துவம் என்பது ஒருவர் செயலன்று என்பதையும் நம் முன்னோர் உணர்ந்திருந்தனர். நோயாளி, மருத்துவன், மருந்து, உடனிருந்து பணி செய்பவன் என்ற நான்கும் கூடியதே மருத்துவம் என்று திருக்குறளின் மருந்து அதிகாரம் வகுக்கிறது. ஆயுர்வேத நூலான சரக சம்ஹிதையும் இந்த நான்கையும் மருத்துவத்தின் நான்கு கால்கள் என்கிறது.

ஆனால் ஒன்றைக் கருதிப் பாருங்கள். பூசணிக்காயை அறுத்துப் பழகிய மாணவன் தனியாகப் பழகினான். உடனிருந்து உதவுபவனும் அவனும் சேர்ந்து பழகினார்கள் என்ற செய்தி அந்த அத்தியாயத்தில் இல்லை. கைப்பழக்கம் ஓர் ஆறாகவும், கூட்டுப்பணி மற்றோர் ஆறாகவும் நெடுங்காலம் தனித்தனியே ஓடின. இரண்டும் கலந்த இடத்தைக் காண நாம் இன்னும் சிறிது தொலைவு போக வேண்டும்.

துணியில் தைத்த தாய்

அந்த வழியில் முதலில் நாம் சந்திப்பவர் பிரான்சு நாட்டு மருத்துவச்சியான மதாம் தியு கூத்ரே. 1759-ஆம் ஆண்டு மன்னர் பதினைந்தாம் லூயி அவருக்கு ஓர் ஆணை வழங்கினார். நாடெங்கும் சென்று கிராமப் பெண்களுக்குப் பிரசவம் பார்க்கக் கற்றுக் கொடுக்க வேண்டும் என்பது அந்த ஆணை. கற்க வந்த பெண்களில் பலருக்கு எழுத்தறிவு இல்லை. புத்தகத்தால் பயன் என்ன? எனவே அவர் துணி, தோல், பஞ்சு ஆகியவற்றைக் கொண்டு தாயின் இடுப்புப் பகுதியை உண்மை அளவில் தைத்தார். உள்ளே எலும்பும் வைத்தார். பிறந்த குழந்தையின் அளவில் ஒரு துணிப் பொம்மையும் உண்டு. குழந்தை தலைகீழாக, குறுக்காக, கால் முன்னதாக என எந்த நிலையில் வந்தாலும் எப்படிக் கை கொடுப்பது என்பதை இந்தப் பொம்மையில் பழக்கினார். ஏறத்தாழ 25 ஆண்டுகள் ஊர் ஊராகச் சுற்றி, சுமார் 5000 பெண்களுக்கு அவர் நேரடியாகக் கற்பித்ததாகக் கணக்கிடுகிறார்கள். அவருடைய பொம்மைகளில் ஒன்று ரூவான் நகர அருங்காட்சியகத்தில் இன்றும் பாதுகாக்கப்படுகிறது.

1911-இல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகர மருத்துவமனையில், செவிலியப் பயிற்சிக்கென்று ஆளுயரப் பொம்மை ஒன்று வந்து சேர்ந்தது. ‘திருமதி சேஸ்’ என்று அதற்குப் பெயர். நோயாளியைப் படுக்கையில் புரட்டிப் போடவும், உடை மாற்றவும் அதில் பழகினார்கள்.

1960-இல் நார்வே நாட்டிலிருந்து வந்தது ‘ஆன்’ என்ற பொம்மை. அதைச் செய்த ஆஸ்முண்ட் லார்டல் அடிப்படையில் ஒரு விளையாட்டுப் பொம்மைத் தயாரிப்பாளர்! வாயோடு வாய் வைத்து மூச்சுக் கொடுக்கும் முறையைப் பொதுமக்களுக்குக் கற்பிக்க ஒரு பொம்மை வேண்டும் என்று மருத்துவர்கள் கேட்டபோது, மென்மையான பிளாஸ்டிக்கில் பொம்மை செய்யும் தம் தொழில்திறனை அவர் இதற்குத் திருப்பினார். நீரில் மூழ்க இருந்த தம் சிறு மகனை முன்பு ஒருமுறை காப்பாற்றிய அனுபவமும் அவருக்கு இருந்தது. இன்று முதலுதவி வகுப்பில் மாணவர்கள் மார்பை அழுத்திப் பழகும் பொம்மைகள் யாவும் ‘ஆன்’ வழிவந்தவை எனலாம்.

1967-இல் தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தார், கணிப்பொறியால் இயங்கும் ‘சிம் ஒன்’ என்ற பொம்மையை உருவாக்கினர். அது மூச்சு விட்டது, அதன் கண்ணின் பாவை விரிந்து சுருங்கியது, நாடி துடித்தது. மயக்க மருந்து கொடுப்போர் அதில் பயின்றனர். இவ்வாறு பொம்மை நாளுக்கு நாள் மனிதனை ஒத்து வளர்ந்தது. ஆனால் அதன் முன்னே நின்றவர் இன்னும் தனி ஆள்தான்.

ஓடுபாதை சொன்ன பாடம்

கூட்டுப்பணியைப் பயிற்றுவிக்கும் கலை மருத்துவமனையில் பிறக்கவில்லை. அது பிறந்தது விமானத்தில்; அதுவும் ஒரு பெரும் துயரத்தின் விளைவாக.

1977-ஆம் ஆண்டு மார்ச் 27-ஆம் நாள். கானரித் தீவுகளில் உள்ள டெனெரீஃப் விமான நிலையத்தில் கடும் மூடுபனி. ஒரே ஓடுபாதையில் இரண்டு ஜம்போ விமானங்கள் இருந்தன. ஒன்று டச்சு நாட்டுக் கே.எல்.எம். விமானம், மற்றது அமெரிக்கப் பான் ஆம் விமானம். கட்டுப்பாட்டு நிலையத்தின் அனுமதி கிடைக்கும் முன்பே டச்சு விமானத்தின் தலைமை விமானி விமானத்தைக் கிளப்பினார். அவர் சாதாரண ஆள் அல்லர்; அந்நிறுவனத்தில் மற்ற விமானிகளுக்கே பயிற்சி கொடுத்தவர். உடனிருந்த பொறியாளருக்கு ஐயம் எழுந்தது. எதிரே உள்ள விமானம் பாதையை விட்டு விலகிவிட்டதா என்று கேட்டார். விலகிவிட்டது என்று தலைமை விமானி உறுதியாகச் சொன்னார். பொறியாளர் மேற்கொண்டு வற்புறுத்தவில்லை. சில நொடிகளில் இரு விமானங்களும் மோதின. 583 பேர் மாண்டனர். விமான வரலாற்றில் இதைவிடப் பெரிய விபத்து வேறில்லை.

அந்த அறையில் அறிவுக்குக் குறைவில்லை, அனுபவத்துக்கும் குறைவில்லை. குறைந்தது ஒன்றுதான்: கீழே உள்ளவர் தம் ஐயத்தை மேலே உள்ளவரிடம் அழுத்திச் சொல்லும் துணிவும், மேலே உள்ளவர் அதைக் காது கொடுத்துக் கேட்கும் பழக்கமும்.

1979-இல் அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசா இதற்கெனக் கருத்தரங்கு ஒன்றைக் கூட்டியது. 1981-இல் யுனைட்டெட் விமான நிறுவனம் தன் விமானிகள் அனைவருக்கும் குழுவாகச் செயல்படும் பயிற்சியைத் தொடங்கியது. விமானத்தை ஓட்டும் திறனோடு, பேசும் முறை, கேட்கும் முறை, வேலையைப் பங்கிடும் முறை ஆகியவையும் பாடமாயின. 1989-இல் அதே நிறுவனத்தின் விமானம் ஒன்று நடுவானில் கட்டுப்பாட்டுக் கருவிகளை அறவே இழந்தது. விமானிகள் ஒருவருக்கொருவர் கலந்து பேசி, எஞ்சின்களின் வேகத்தை மட்டும் கூட்டிக் குறைத்து, சூ நகரில் தரை இறக்க முயன்றனர். விமானம் நொறுங்கியது; 112 பேர் இறந்தனர். ஆனாலும் 184 பேர் பிழைத்தனர். தலைமை விமானி ஆல் ஹேன்ஸ், அந்தப் பயிற்சியின் பயன் அது என்று பல மேடைகளில் எடுத்துரைத்தார்.

இரண்டு ஆறுகள் கலந்த இடம்

விமானிகளின் பாடத்தை மருத்துவத்துக்குக் கொண்டுவந்தவர்களுள் முதன்மையானவர் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மயக்கவியல் மருத்துவர் டேவிட் கேபா. 1980-களின் பிற்பகுதியில் அவரும் தோழர்களும், ஓர் உண்மையான அறுவை அரங்கில் பொம்மை நோயாளியைப் படுக்க வைத்து, மருத்துவர்களும் செவிலியர்களும் வழக்கம்போல் வேலை செய்யும்படி அமைத்தனர். நடுவே திடீரென நோயாளியின் இதயம் தடுமாறும். அல்லது மூச்சுக் குழாய் அடைபடும். அறையில் உள்ளவர்கள் என்ன செய்கிறார்கள், எப்படிப் பேசிக்கொள்கிறார்கள் என்பதைப் படம் பிடித்தனர். பிறகு எல்லாரும் உட்கார்ந்து அந்தப் படத்தைப் பார்த்து விவாதித்தனர். 1990-இல் இது ஒரு முறையான பயிற்சியாகத் தொடங்கியது. பொம்மையும் கூட்டுப்பணியும் கலந்த இடம் இதுதான்.

1999-இல் அமெரிக்க மருத்துவக் கழகம் ஓர் அறிக்கை வெளியிட்டது. அந்நாட்டு மருத்துவமனைகளில் ஆண்டுக்கு 44,000 முதல் 98,000 பேர் வரை, தவிர்க்கக்கூடிய தவறுகளால் இறக்கின்றனர் என்று அது மதிப்பிட்டது. தவறுகளுக்கு மோசமான மருத்துவர்களே காரணம் என்று அது சொல்லவில்லை. நல்லவர்களும் வல்லவர்களும் மோசமான ஏற்பாட்டுக்குள் வேலை செய்வதே காரணம் என்றது. அதன்பின் கூட்டுப் பயிற்சிக்கு உலகெங்கும் வேகம் பிறந்தது. 2008-இல் உலகச் சுகாதார நிறுவனம் வெளியிட்ட அறுவைச் சிகிச்சைச் சரிபார்ப்புப் பட்டியலில், கத்தி வைக்கும் முன் அரங்கில் உள்ள ஒவ்வொருவரும் தம் பெயரையும் பணியையும் சொல்ல வேண்டும் என்ற விதி இடம்பெற்றது. இது வெறும் சடங்கன்று. ஒருமுறை வாய் திறந்து பேசியவர், ஆபத்து வரும்போது மறுமுறையும் வாய் திறப்பார்.

ஒத்திகை நடக்கும் விதம்

இப்பயிற்சி எப்படி நடக்கிறது? மீண்டும் நம் கற்பனைப் பிரசவ அறைக்கே போவோம். இம்முறை தாயின் இடத்தில் இருப்பவர் ஒரு மாணவி. அவர் அணிந்திருப்பது அறுவை அரங்கில் அணியும் கால்சட்டை. அதில் ஒரு திறப்பு வைத்து, உள்ளே துணிப் பொம்மைக் குழந்தையையும் சிவப்பு நீர்ப் பையையும் ஒளித்து வைத்திருக்கிறார்கள். இந்த எளிய கருவியைப் பிராண்டோ என்ற அமைப்பினர் உருவாக்கினர். விலை உயர்ந்த பொம்மை தேவையில்லை. பொம்மை பேசாது, இந்தத் தாயோ வலியில் கத்துவார், பயந்து கேள்வி கேட்பார், மயங்குவார். நோயாளியிடம் எப்படிப் பேசுவது என்பதும் பயிற்சியில் சேர்ந்துவிடுகிறது.

மருத்துவ மாணவர் ஒருவர், செவிலிய மாணவியர் இருவர், ஆய்வக மாணவர் ஒருவர். சிவப்பு நீர் பாயத் தொடங்குகிறது.

“சிஸ்டர், ஆக்சிடோசின் 10 யூனிட் தசையில் போடுங்கள்.”

“ஆக்சிடோசின் 10 யூனிட், தசையில் போடுகிறேன் டாக்டர்.” சிறிது நேரத்தில், “10 யூனிட் போட்டாயிற்று டாக்டர். மணி 2.14.”

கட்டளை, அதைத் திருப்பிச் சொல்லுதல், முடிந்ததை அறிவித்தல் என மூன்றும் சேர்ந்தால்தான் ஒரு பேச்சு முழுமை பெறும். ‘யாராவது ஊசி போடுங்கள்’ என்று அறையைப் பார்த்துச் சொன்னால் அது யாருக்கும் சொன்னதாகாது.

சற்று நேரம் கழிகிறது. மருத்துவ மாணவர் கிழிசலைத் தேடுவதில் மூழ்கியிருக்கிறார். இளைய செவிலிய மாணவி தயங்குகிறார். பிறகு சொல்கிறார்: “டாக்டர், கர்ப்பப்பை இன்னும் இறுகவில்லை. நாடி 130. எனக்குக் கவலையாக இருக்கிறது. ஆம்புலன்சுக்கு இப்போதே சொல்லிவிடலாமா?”

இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இவ்வளவு ஏற்பாடும்! வயது, பட்டம், பதவி ஆகிய மூன்றுக்கும் தலை வணங்கிப் பழகிய நம் சமூகத்தில், இளையவர் மூத்தவரிடம் இப்படிச் சொல்வது எளிதன்று. மரியாதையும் குறையக்கூடாது; செய்தியும் மறையக்கூடாது. இதற்கு வார்த்தைகள் வேண்டும். அந்த வார்த்தைகள் நெருக்கடியில் தாமாக நாவில் வாரா. முன்னரே சொல்லிப் பழகியிருக்க வேண்டும்.

நாடகம் நடப்பது பத்து நிமிடம். அதன்பின் நடக்கும் கலந்துரையாடல் அதைவிட நீண்டது. அதுவே பயிற்சியின் உயிர் என்று வல்லுநர்கள் கருதுகின்றனர். யார் தவறு செய்தார் என்று அங்கே கேட்பதில்லை. அப்போது என்ன நினைத்தீர்கள், எது தெரியாமல் போயிற்று, அடுத்த முறை எப்படிச் செய்யலாம் என்றே கேட்கிறார்கள். ‘நான் சொல்ல நினைத்தேன், சொல்லவில்லை’ என்று செவிலிய மாணவி சொல்லும்போது, மருத்துவ மாணவர் முதன்முறையாக அந்த மௌனத்தின் பொருளை அறிகிறார். உயிருக்கு ஆபத்தில்லாத இடத்தில் தவறு செய்து, அதைப் பற்றிப் பேச முடிவது எவ்வளவு பெரிய வாய்ப்பு!

பயன் உண்டா?

நாடகம் ஆடினால் நோயாளி பிழைப்பாரா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் சவுத்மீடு மருத்துவமனையில், 2000-ஆம் ஆண்டு முதல் பிரசவப் பிரிவில் உள்ள மருத்துவர், மருத்துவச்சி அனைவருக்கும் ஆண்டுதோறும் கூட்டுப் பயிற்சி அளித்தனர். பிறக்கும்போது மூச்சுத் திணறலால் மூளை பாதிக்கப்பட்ட குழந்தைகள் முன்பு 10,000-க்கு 27 பேர். பயிற்சிக்குப் பின் 14 பேர். குழந்தையின் தோள் சிக்கிக்கொள்ளும் பிரசவங்களில் குழந்தைக்குக் காயம் ஏற்பட்டது முன்பு 100-க்கு 9; பின்பு 2 அளவுக்குக் குறைந்தது.

ஆனால் எங்கும் இப்படி எளிதில் பயன் கிட்டிவிடவில்லை. ஆப்பிரிக்காவின் தான்சானியா நாட்டில் ஹைடம் என்ற கிராமப்புற மருத்துவமனை உண்டு. பெருநகரிலிருந்து தொலைவு, ஆள் பற்றாக்குறை எனப் பல வகையிலும் நம் மலையடிவார மருத்துவமனைகளை நினைவூட்டுவது. அங்கே அழாத குழந்தைக்கு மூச்சுக் கொடுக்கும் முறையை ஒரு நாள் வகுப்பில் பொம்மையைக் கொண்டு கற்பித்தனர். பொம்மையிடம் எல்லாரும் நன்றாகச் செய்து காட்டினர். பிரசவ அறைக்குள் போய்ப் பார்த்தால் உண்மைக் குழந்தைகளுக்குச் செய்ததில் மாற்றமே இல்லை! ஆராய்ச்சியாளர்கள் இதை மறைக்காமல் 2013-இல் வெளியிட்டனர். பிறகு முறையை மாற்றினர். பொம்மையைப் பிரசவ அறையின் அருகிலேயே வைத்து, பணிக்கு வரும்போதெல்லாம் சில நிமிடங்கள் அடிக்கடி பழகச் செய்தனர். பிறந்த 24 மணி நேரத்துக்குள் இறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கை 1000-க்கு 11-லிருந்து 7 ஆகக் குறைந்தது.

இதிலிருந்து நாம் பெறும் பாடம் தெளிவானது. ஆண்டுக்கு ஒருமுறை நகரத்து விடுதியில் வகுப்பு நடத்திச் சான்றிதழ் கொடுப்பது பயிற்சியாகாது. வேலை செய்யும் இடத்தில், வேலை செய்யும் ஆட்களோடு, சிறிது சிறிதாக, அடிக்கடி செய்வதே பயிற்சி. நம் கூத்து வாத்தியார்கள் இதை எந்த ஆராய்ச்சியும் இல்லாமலே அறிந்திருந்தார்கள்!

நம் நாட்டில்

இந்தியாவில் இம்முயற்சி குழந்தை மருத்துவத்தில் தொடங்கியது எனலாம். 1990-இல் தேசியப் பச்சிளங்குழந்தை மருத்துவ அமைப்பு, மூச்சுவிடாத குழந்தைக்கு உயிரூட்டும் பயிற்சியைப் பொம்மைகளைக் கொண்டு பரப்பத் தொடங்கியது. 2009-இல் நடுவண் அரசு அதனைத் தன் திட்டமாக்கி, பிரசவம் பார்க்கும் செவிலியர் வரை கொண்டு சென்றது. பீகார் மாநிலத்தில் 2015 முதல் 300-க்கும் மேற்பட்ட ஆரம்ப சுகாதார நிலையங்களில், செவிலியர்கள் தங்கள் பிரசவ அறையிலேயே கூட்டாக ஒத்திகை பார்த்துப் பயின்றனர். மேலே நாம் கண்ட எளிய கால்சட்டைக் கருவி அங்கே பயன்பட்டது.

தமிழ்நாட்டில் 2008 செப்டம்பரில் 108 ஆம்புலன்ஸ் சேவை தொடங்கியது. ஓட்டுநரும் மருத்துவ உதவியாளருமாக இருவர் கொண்ட சிறு குழு அது. அதே 2008-ஆம் ஆண்டில்தான் தருமபுரியில் அரசு மருத்துவக் கல்லூரியும் தொடங்கியது. மாநிலத்தில் பிரசவத்தால் தாய்மார் இறப்பது, ஒரு லட்சம் பிறப்புக்கு 2001–03-இல் 134 ஆக இருந்தது. 2018–20-இல் 54 ஆகக் குறைந்தது. அதே 2018–20-இல் இந்தியா முழுமைக்குமான எண் 97. இது ஒரே முயற்சியின் பயனன்று. மருத்துவமனைப் பிரசவம், இரத்த வங்கி, இரவும் பகலும் செவிலியர், ஆம்புலன்ஸ் எனப் பலவும் சேர்ந்த பயன். எஞ்சியுள்ள இறப்புகளைக் குறைக்கக் கட்டடமும் கருவியும் மட்டும் போதா. இருக்கும் ஆட்கள் ஒரு கையாக இயங்க வேண்டும்.

2019-இல் நடைமுறைக்கு வந்த புதிய மருத்துவப் பாடத்திட்டம், இந்திய மருத்துவப் பட்டதாரிக்கு ஐந்து பண்புகளை வகுத்தது. அவற்றுள் ஒன்று, மருத்துவக் குழுவின் தலைவனாகவும் உறுப்பினனாகவும் இருத்தல். தலைவன் என்பதோடு உறுப்பினன் என்றும் சொன்னதைக் கவனிக்க வேண்டும். கல்லூரிதோறும் பொம்மைகளைக் கொண்ட திறன் பயிற்சிக்கூடம் வேண்டும் என்றும் விதித்தனர். 2021-இல் திருத்தப்பட்ட செவிலியப் பட்டப் பாடத்திட்டமும் இத்தகைய பயிற்சியை ஏற்றுக்கொண்டது.

ஆனாலும் ஒரு குறை. மருத்துவ மாணவர் தம் கூடத்தில் பயில்கிறார். செவிலிய மாணவி தம் கூடத்தில் பயில்கிறார். இருவரும் ஒரே பொம்மையின் முன் சேர்ந்து நிற்கும் நேரத்துக்கு இரு பாடத்திட்டங்களும் ஒதுக்கிய இடம் சிறிது. கட்டியக்காரனும் வேடக்காரனும் தனித்தனி ஊரில் பயின்று, கூத்தன்று இரவுதான் முதன்முதலாகச் சந்திப்பது போன்ற ஏற்பாடு இது. வெவ்வேறு தொழிலுக்குப் படிப்போர் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்க வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2010-இலேயே வலியுறுத்தியது. இதற்குப் புதிய பொம்மை வேண்டாம். கால அட்டவணையில் ஒரு மணி நேரம் வேண்டும்.

மலைக்கு அப்பால்

பாப்பிரெட்டிப்பட்டிக்குக் கிழக்கே, சித்தேரி மலைக்கு அப்பால் சிட்லிங்கிப் பள்ளத்தாக்கு உள்ளது. 1993-இல் டாக்டர் ரெஜி ஜார்ஜ், டாக்டர் லலிதா ரெஜி என்ற மருத்துவத் தம்பதியர் அங்கே சென்று, மலைவாழ் மக்களிடையே ஒரு குடிசையில் மருத்துவப் பணியைத் தொடங்கினர். வெளியூரிலிருந்து செவிலியர் வந்து தங்குவது அரிது. எனவே அந்தப் பள்ளத்தாக்கின் பெண்களுக்கே பயிற்சி கொடுத்தனர். அப்பெண்கள் மருத்துவரின் அருகில் நின்று, பார்த்து, செய்து, பிரசவம் பார்க்கவும் அறுவைச் சிகிச்சையில் உதவவும் கற்றுக்கொண்டனர். குடிசை, மருத்துவமனையாக வளர்ந்தது. அங்கே நடந்தது பொம்மைப் பயிற்சி அன்று. ஆனால் கூட்டுப் பயிற்சியின் அடிப்படை அங்கே இருந்தது: சேர்ந்து வேலை செய்யப் போகிறவர்கள் சேர்ந்தே கற்றார்கள்.

சுசுருதரின் பூசணிக்காயிலிருந்து கணிப்பொறிப் பொம்மை வரை கருவிகள் எவ்வளவோ மாறிவிட்டன. மாறாத உண்மை ஒன்று உண்டு. ஒருவருக்குத் தெரிந்தது வேறு; ஒரு குழுவுக்குத் தெரிந்தது வேறு. முன்னதைப் புத்தகம் தரும். பின்னதை ஒத்திகைதான் தரும்.

இக்கட்டுரையைப் படிக்கும் மாணவர்களில் சிலர் நாளை மருத்துவராகலாம், சிலர் செவிலியராகலாம், சிலர் ஆம்புலன்ஸ் ஓட்டுநராகவோ ஆய்வக உதவியாளராகவோ ஆகலாம். ஓர் இரவு மணி 2-க்கு, ஏதோ ஒரு மலையடிவார ஊரின் பிரசவ அறையில் நீங்கள் எல்லாரும் சந்திக்கக்கூடும். அப்போது அந்தத் தாய்க்கு முன்னால்தான் முதன்முதலாகச் சேர்ந்து நிற்கப் போகிறீர்களா? அதற்கு முன்பே ஒரு துணிப் பொம்மையின் முன் சேர்ந்து நின்று, தவறு செய்து, பேசி, சிரித்து, திருத்திக்கொண்டிருந்தால் எவ்வளவு நன்று!